தாலியை ஒட்டிய பிளாஸ்டர்

பித்தப்பைக்கு ஒப்பரேசன் செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கல்லைப் பற்றிப் பேசுவதில்லை. பிளாஸ்டரைப் பற்றித்தான் பேசுவேன். கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். கல் போய்விட்டது. அதை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள், வறுத்த கடலை போல இருந்தது. பிளாஸ்டர் ஒட்டிய இடம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. நான் லண்டனுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. மோர்டனில் மச்சாள் வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு, பக்கத்துத் தெருவில் ஒரு துணி வெளுக்கும் கடையில் அயன் பிடிக்கும் வேலைக்குப் போய் வந்தேன். மச்சாள் என்றால் இவருடைய அக்கா, பத்மாவதி. இவர் என்றால் என் புருஷன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. எழுதவும் கை வரவில்லை.

இவரை ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து, ஆண்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். இவர் தன் குடையை என் மடியில் வைத்து, “பிடி, வாறன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கியவர்களில் பலர் திரும்ப ஏறினார்கள். இவர் ஏறவில்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் எழும்பிக் கத்தினேனாம், பக்கத்தில் இருந்த பெண் பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். அதன் பிறகு முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். இங்கே அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். செத்துவிட்டார் என்றும் எவரும் சொல்லவில்லை.

ஆகவே கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாகத்தான் லண்டனில் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் மச்சாள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, கழுத்தை. தாலிக்கொடி கிடப்பதைக் கண்ட பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதார். மச்சாளின் புருஷன் லண்டனிலேயே மாரடைப்பில் போனவர். கல்யாண வீடுகளில் மச்சாள் யாரும் சொல்லாமலே பின்வரிசையில் போய் இருந்துவிடுவார். தனக்கு வந்தது எனக்கு வரக்கூடாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் என்னை ஆர்ச்வேக்குக் கூட்டிப்போய், முருகன் கோயிலில் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் உரத்துச் சொல்லி அர்ச்சனை செய்விப்பார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை. திரும்பி வரும் ரயிலில், “வாறன் எண்டுதானே சொன்னவன்” என்பார். நானும் “ஓம் மச்சாள்” என்பேன்.

என்னிடம் ஒரே ஒரு சேதி இருந்தது. அதை மச்சாளுக்கு நான் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பொட்டு, சவுத்தாலில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு. குங்குமம் வைத்தால் கடையின் நீராவியில் கரைந்து மூக்குநுனி வரை வந்துவிடும், வாடிக்கையாளர்கள் எனக்கு அடிபட்டுவிட்டது என்று பதறுவார்கள். ஸ்டிக்கர் வசதி. குளிக்கும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, குளித்ததும் திரும்ப நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாம். சில மாதங்களாக அந்த இடம் அரித்தது. பிறகு தோல் வெளுக்கத் தொடங்கியது. நான் என்ன செய்தேன்? அடுத்த முறை பெரிய அளவுப் பொட்டாக வாங்கி வெள்ளையை மறைத்தேன். வெள்ளை பெருத்தது, பொட்டும் பெருத்தது. எங்கள் பெண்களில் எத்தனை பேர் இதையே செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஆகையால் யாரும் சிரிக்க வேண்டாம்.

வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சாள் வைத்த பொரித்த கத்தரிக்காய்க் குழம்போடு தொடங்கியது. வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து, முதுகுக்குப் போய், தோளில் ஏறியது.

“எல்லாம் வாய்வுதான், பிள்ளை,” என்றார் மச்சாள். ஓமத்தண்ணி தந்தார்.

குடும்ப டொக்டர் அசிடிட்டி என்றார். வெள்ளைப் பால் போன்ற ஒரு மருந்து தந்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வைத்தியம் படித்தவர்கள் போல. பிறகு ஒருநாள் கடையில் அயன்பெட்டியைப் பிடித்தபடியே நான் தரையில் இருந்துவிட்டேன். கடைக்காரி என் கண்ணைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸுக்கு அடித்தாள். கண் மஞ்சளாகியிருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் குளிர்ந்த ஜெல்லியைப் பூசி, ஒரு கட்டையால் உருட்டி ஸ்கான் எடுத்தார்கள். ஈரலுக்குக் கீழே சின்னப் பை ஒன்று இருக்கிறது, கொழுப்பைக் கரைக்கிற பித்தத்தைச் சேமித்து வைப்பது அதன் வேலை. அந்தப் பித்தம் இறுகிக் கல்லாகி, ஒரு கல் வழியை அடைத்திருக்கிறது. பையையே எடுத்துவிட வேண்டும். அது இல்லாமலும் மனிதர் வாழலாம் என்று அந்த இளம் டொக்டர் ஆறுதல் சொன்னார். ஊரிலிருந்து எழுதியவர்கள் எல்லாம் எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். இந்த நாட்டில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. காசுக்குக் கவலைப்பட வேண்டியிராததால், பயப்படுவதற்கு எனக்கு முழு நேரமும் கிடைத்தது.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒரு அயர்லாந்துக்காரி. பெரிய உடம்பு, பெரிய குரல், எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவாள். ஒப்பரேசன் அன்று காலை வந்து, நகை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தோடு கொடுத்தேன், காப்புக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மச்சாள் என் பொட்டை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டு இரும்பில் ஒட்டிவைத்தார். கொடியைக் கேட்டபோது என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது.

வெட்டும்போது இரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடுவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் பொசுங்கலாம் என்று சிஸ்டர் விளக்கினாள். கல்யாண மோதிரத்தைக் கழற்ற விரும்பாதவர்களுக்கு அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிவிடுவது அங்கே வழக்கமாம்.

“அப்ப இதுதான் என்ர மோதிரம் எண்டு சொல்லு,” என்றார் மச்சாள் என்னிடம் தமிழில்.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். சிஸ்டர் கொடியைக் கையில் ஏந்திப் பாரம் பார்த்தாள். எங்கள் ஊர்க் கொடி, ஒன்பது பவுண் தங்கம். மோதிரமா, கப்பல் நங்கூரத்தின் சங்கிலி போல இருக்கிறதே என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடியை நிறுத்தினாள்.

“புருஷன் பின்னேரம் வருவாரா, லவ்?”

“வருவார்,” என்றேன். அது பொய்யா என்று எனக்கே தெரியாது.

சிஸ்டர் வெளியே போய் யாரிடமோ கேட்டு வந்தாள். கழுத்தில் கிடந்தபடியே கொடியைப் பாம்பு சுருண்டதுபோல மடித்து, தாலி மேலே வர, என் இடது தோள் எலும்புக்குக் கீழே நெஞ்சில் படுக்க வைத்தாள். அகலமான பிளாஸ்டர்ச் சுருளைக் கிழித்துக் குறுக்காக ஒட்டினாள். அதன்மேல் நெடுக்காக ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தி வழித்தாள். இனி பூகம்பம் வந்தாலும் கழலாது என்றாள். மச்சாள் அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் நின்றார். நல்ல மனிதர், ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்பவர். மயங்கிய பிறகு கண் முழுதாக மூடாது, காய்ந்து போய்விடும், அதனால் இமைகளை மூடிச் சின்னப் பிளாஸ்டர் ஒட்டிவிடுவோம், பயப்படாதே என்றார்.

நான் எழும்பி இருந்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்த அந்த ஒரே சேதி இதுதான். முகாமிலிருந்து வெளியே வந்த கடைக்காரர் ஒருவரை நான் ஊரில் தேடிப்பிடித்துக் கேட்டேன். இவரைப்போல ஒரு ஆளை முற்றத்தில் கண்டதாகச் சொன்னார். “சுவரிலை சாய்ஞ்சு இருந்தவர், தங்கச்சி. கண் ரெண்டையும் பிளாஸ்டராலை ஒட்டியிருந்தது. அதாலை நிச்சயமாச் சொல்ல ஏலாது.” அடுத்த நாள் பார்த்தபோது அந்த ஆள் அங்கே இல்லையாம். அவ்வளவுதான்.

இமையில் ஒட்ட வேண்டாம் என்று நான் அந்த டொக்டரிடம் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார். அதற்கு என்னிடம் இங்கிலீஸ் இல்லை. தமிழும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒட்டாமல் ஈரத் துணி போடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தாரோ தெரியாது. செய்தார் என்று நம்புவதே எனக்கு நல்லது.

கண்விழித்தபோது வயிற்றின் குறுக்கே நெருப்புக் கோடு. பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய், மிச்சப் பித்தம் வடிவதற்காம். மச்சாள் இரும்பிலிருந்து பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டரும் அதற்குக் கீழே கொடியும் இருந்தன. சிஸ்டர் அதை உரிக்க வந்தாள். நான் வேண்டாம் என்றேன். கொடி தொங்கினால் குழாயில் மாட்டும் என்று காரணம் சொன்னேன். அது உண்மையும்கூட. சரி, தையல் வெட்டும்வரை கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், இவர் வந்தார்.

மயக்க மருந்தும் வலி ஊசியும் சேர்ந்தால் இப்படித் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். வார்டு நிறைய ஆட்கள், பூங்கொத்துகள், திராட்சைப் பைகள். என் கட்டிலின் பக்கத்துக் கதிரையில் இவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது போட்டிருந்த மண்ணிறச் சேர்ட்டோடு குனிந்து இருந்தார். கையில் குடை இல்லை, அது என்னிடம் அல்லவா. பேசவில்லை. என் நெஞ்சில் ஒட்டியிருந்த பிளாஸ்டர்ப் பக்கம் தலையைத் திருப்பினார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் ஒட்டியிருக்கிறதோ என்று பார்க்க எனக்குப் பயம். மச்சாள் ரசப் போத்தலோடு வந்து அதே கதிரையில் இருந்தபோது, இவரை நசுக்கப் போகிறார் என்று நான் “பாத்து!” என்று கத்திவிட்டேன்.

“என்ன, ராணி? என்ன இருக்கு கதிரையிலை?”

“ஒண்டுமில்லை, மச்சாள்.”

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். நானும் எதிர்பார்க்கத் தொடங்கினேன். பயந்தேன், எதிர்பார்த்தேன், இரண்டும்தான்.

நெஞ்சில் அரிப்பு அப்போதே தொடங்கிவிட்டது. முதலில் நுளம்பு கடித்தது போல, பிறகு காஞ்சோண்டி இலை பட்டது போல. பிளாஸ்டரின் ஓரத்தில் சிவப்புக் கோடு வந்தது, கொப்புளம் வந்தது, நீர் கசிந்தது. ஆஸ்பத்திரிக் கவுணைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டேன். சிஸ்டரிடம் சொன்னால் உரிப்பாள். உரித்தால் புண்ணைக் காண்பாள். புண்ணைக் கண்டால் கொடியைக் கழற்று என்பாள். மச்சாளுக்கு மட்டும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கவுணைத் திரும்ப இழுத்து மூடினார்.

“பொறு, ராணி. தையல் வெட்டட்டும். வீட்டை போய் மெல்ல எடுப்பம்.”

“ஓம்,” என்றேன்.

இதற்கிடையில் வயிற்றுக் காயம் கெட்டது. வெட்டை மூடிய துணியைச் சுற்றி அதே அகலப் பிளாஸ்டர்தான். அதன் கீழே தோல் சிவந்து, வீங்கி, நீர் வடிந்தது. கிருமி பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஊசிமருந்து ஏற்றினார்கள். கசிவு கூடியதால் இன்னும் பெரிய துணி, அதைப் பிடிக்க இன்னும் அதிகப் பிளாஸ்டர். சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. காயமோ ஒரு முனையில் வாய் பிளக்கத் தொடங்கியது. பெரிய சத்திர சிகிச்சை டொக்டர் வந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்ய வேண்டி வரும் என்றார். காய்ச்சலும் இருந்தது. உடம்பு தாங்குமா என்று மச்சாள் கேட்கச் சொன்னார், நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். பார்ப்போம் என்றார் அவர். டொக்டர்மார் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு விளங்கும்.

அதற்கு முன் தோல் டொக்டர் ஒருவர் பார்க்கட்டும் என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டு, கட்டைத் தலைமயிர். மற்ற டொக்டர்மார் வந்ததும் போர்வையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் கட்டிலருகே நின்று என் நெற்றியைப் பார்த்தார்.

“நீங்க தமிழா?” என்று கேட்டார். மச்சாளின் கையிலிருந்த போத்தல் மூடி கீழே விழுந்து உருண்டது. டொக்டர் மதுரைப் பக்கத்துக்காரர். “எவ்வளவு நாளா இந்த ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறீங்க?”

“வந்ததிலை இருந்து.”

“எடுத்துப் பாக்கலாமா?”

பொட்டை எடுத்தார். கீழே இருந்த வெள்ளை வட்டத்தை விரலால் தொட்டார். ஊரில் இதே மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். பிறகு வயிற்றைப் பார்த்தார். கொப்புளங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்தார்.

“எனக்கு இது கிருமின்னு தோணலைங்க. பசைதான்னு நெனைக்கிறேன். பொட்டுல இருக்கிற பசை உங்க உடம்புக்கு ஆகலை. உடம்பு அதை எதிரின்னு ஞாபகம் வெச்சுக்கிச்சு. ஒருவாட்டி ஞாபகம் வெச்சுட்டா மறக்காது. அதே மாதிரிப் பசை இந்தப் பிளாஸ்டர்லயும் இருந்தா, அது படுற இடமெல்லாம் இப்படித்தான் வெந்துபோகும்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா இங்க வெட்டுக் காயமும் இருக்கு. சர்ஜன் கிருமின்னுதான் சொல்வாரு. காயமே இல்லாத இடத்துல பிளாஸ்டர் ஒட்டி, அங்கயும் இப்படி ஆகியிருந்தா நான் அடிச்சுச் சொல்லலாம், தியேட்டர் வேண்டாம்னு. வேற எங்கயாவது ஒட்டினாங்களா?”

கவுண் என் கழுத்துவரை இருந்தது. கதிரையைப் பார்த்தேன். மச்சாள்தான் இருந்தார்.

“இல்லை, டொக்டர்,” என்றேன்.

“நிச்சயமா?”

“ஓம்.”

டொக்டர் தலையாட்டிவிட்டு, கட்டிலின் காலடியில் தொங்கிய தாளில் எதையோ எழுதினார். திரும்பி நடந்தார். வார்டின் நடுப்பகுதிவரை போய்விட்டார்.

மச்சாள் எழும்பினார். லண்டனுக்கு வந்ததிலிருந்து, கோயிலைத் தவிர வேறொரு பொது இடத்தில் மச்சாள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

“டொக்டர்! கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு இடம் இருக்கு.”

நான் கவுணைப் பிடித்துக்கொண்டேன். “மச்சாள், வேண்டாம்.”

“கையை எடு.”

“மச்சாள், உங்கட தம்பி...”

“அவன் என்ர தம்பிதான். நாளைக்கு அவன் வந்து நிண்டு என்னட்டைக் கேட்டா நான் என்ன சொல்லுறது? தாலியைப் பத்திரமா வச்சிருக்கிறன், பெண்சாதியை விட்டிட்டன் எண்டோ? கையை எடு, ராணி.”

எடுத்தேன். டொக்டர் பார்த்தார். ஒட்டியிருந்த பிளாஸ்டரின் நாலு மூலையும் அப்படியே சிவப்பாக, கோடு போட்டு வரைந்தது போலச் சதுரமாக எழும்பியிருந்தது. அவர் ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டார். இதை வெடுக்கென்று உரித்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும், எண்ணெயில் ஊறவைத்து மெல்லத்தான் எடுக்க வேண்டும் என்றார். சிஸ்டர் எண்ணெய் தேடிப் போக, மச்சாள் தன் பையிலிருந்து என் தலைக்கென்று கொண்டுவந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

“நான் எடுக்கிறன்,” என்றார்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். மச்சாள் பஞ்சை எண்ணெயில் நனைத்து ஓரம் ஓரமாக வைத்தார். பசை இளகி வெள்ளையாகத் திரண்டது. கொஞ்சம் உரிப்பார், பொறுப்பார், திரும்ப எண்ணெய் வைப்பார். அவருடைய கண்ணீர் என் தோளில் விழுந்தது, அந்த இடமும் எரிந்தது. கடைசியில் கொடி தெரிந்தது. அதன் ஒவ்வொரு கண்ணியும் என் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது, நடுவில் தாலியின் அச்சு.

எங்கள் கொடியில் பின்கழுத்துப் பக்கம் ஒரு சுரை இருக்கும், திருகிப் பூட்டுவது. கல்யாணத்தன்று இவர் தாலியைக் கழுத்தில் வைத்தபோது, தோழியாக என் பின்னால் நின்று தலைமயிரை ஒதுக்கிச் சுரையைத் திருகிப் பூட்டியவர் மச்சாள்தான், அப்போது அவருடைய புருஷன் இருந்தார். இவருக்குச் சுரையை எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லையாம், மச்சாள் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போதும் அவர்தான் என் தலையைத் தூக்கி, மயிரை ஒதுக்கி, சுரையைத் திருகினார். எண்ணெய் பட்டுச் சுரை வழுக்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திரும்பத் திருகினார். கொடி கழன்றது. சுத்தமான கைலேஞ்சியில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

தியேட்டருக்குப் போகத் தேவை வரவில்லை. உடம்பில் ஒரு துண்டுப் பிளாஸ்டரும் படக்கூடாது என்று என் தலைமாட்டில் எழுதி வைத்தார்கள். காயத்துக்கு மேலே பஞ்சுத் துணி, அதைப் பிடிக்க வலைபோல இழுபடும் துணிச் சட்டை, சுற்றிலும் களிம்பு. சில நாட்களில் நீர் வற்றியது, காய்ச்சல் விட்டது, பிளந்த முனை மெல்ல மூடியது. அயர்லாந்துச் சிஸ்டர் வந்து, நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒட்டினேன், லவ், என்று சொல்லி அழுதாள். அவளைத் தேற்றுவது என் வேலையாயிற்று.

இவர் அதன் பிறகு வரவில்லை. பின்னேரங்களில் மணி அடித்து ஆட்கள் உள்ளே வரும்போது நான் அந்தக் கதிரையைப் பார்ப்பேன். மருந்தைக் குறைத்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்பார்கள். நான்தான் உரித்து அனுப்பிவிட்டேன் என்றே எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் சில வேளை அப்படித்தான் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து கொஞ்சக் காலத்தின் பின் தோல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். எந்தப் பொருள் ஒத்துவராது என்று கண்டுபிடிக்க, பல பொருட்களைத் துளித்துளியாக முதுகில் வைத்துச் சில நாள் குளிக்காமல் இருக்கச் சொல்வார்கள். எந்த இடம் சிவக்கிறதோ அதுதான் குற்றவாளி. அவற்றை முதுகில் எதனால் ஒட்டுவது என்பதே என் விஷயத்தில் பெரிய பிரச்சினையாகி, வேறு பசை போட்ட கடதாசிப் பிளாஸ்டர் தேடி எடுத்தார்கள். சிவந்தது ஒரு பிசின். சப்பாத்தின் அடித்தோலை ஒட்டுகிற பசையில் சேர்ப்பதாம். மதுரை டொக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அத்தனை காலமும் சப்பாத்துப் பசையை நெற்றியில் வைத்துக்கொண்டு சுமங்கலியாக நடந்திருக்கிறேன் என்று நான் சொல்ல, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஒப்பரேசனுக்குப் பிறகு அன்றுதான் முதல்முறை வயிறு நோகச் சிரித்தேன்.

நெற்றியின் வெள்ளை அநேகமாகப் போகாது என்றார். நெஞ்சில் இருப்பது கறுத்துத் தங்கும், எங்கள் நிறத்துத் தோலில் அது மறைய வருஷங்கள் ஆகும். கிளம்பும்போது, “தங்கம் உங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. புண்ணு ஆறினதும் தாலியைத் தாராளமா போட்டுக்கலாம்,” என்றார். மச்சாள் அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கோயில் திரும்பத் தொடங்கியது. அர்ச்சனை முடித்து, ஆர்ச்வேயில் ரயில் ஏறினால் மோர்டன்வரை மாற வேண்டியதில்லை. ஆட்கள் இறங்கி இருக்கைகள் காலியானதும் மச்சாள் கேட்பார்:

“இப்ப போடுவமோ, ராணி?”

கொடி அவருடைய கைப்பையில் இருக்கும், அதே கைலேஞ்சியில். ஒவ்வொரு வெள்ளியும் கொண்டுவருவார்.

“இன்னும் கொஞ்சம் ஆறட்டும், மச்சாள்.”

“ஓம். ஆறட்டும்.”

புண் எப்போதோ ஆறிவிட்டது. குளிக்கும்போது தொட்டால் மேடுபள்ளம்கூட இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று முதல்தடவை எனக்கே விளங்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. அடுத்த வெள்ளியும் அதையே சொல்லியது. மச்சாள் என் சட்டைக் கழுத்தைப் பார்ப்பார், கேட்பார், கைப்பையை மூடுவார். குளிர்காலம் போய், கோடை வந்து, அதுவும் போனது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மச்சாள் கேட்கவில்லை.

ரயில் தேம்ஸ் ஆற்றைக் கீழால் கடந்து தெற்கே வந்துவிட்டது. ஆட்கள் இறங்கினார்கள். மச்சாள் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் காத்திருந்தேன். அடுத்த ஸ்டேஷனிலும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்குக் கோயிலில் ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது மச்சாள் என் பெயரை மட்டும் சொன்னார்.

 முகாமிலிருந்து வந்த அந்தக் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். ரயில் சத்தத்தில், மச்சாளின் காதுக்குக் கிட்டக் குனிந்து, முற்றத்தையும் சுவரையும் கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்டரையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. மோர்டன் வரப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

“சுவரிலை சாய்ஞ்சு இருந்தவன் எண்டு சொன்னனி,” என்றார். “நிழலிலையோ, வெயிலிலையோ?”

கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“நிழலிலை, மச்சாள்,” என்றேன். “நல்ல நிழல் எண்டுதான் சொன்னவர்.”

மச்சாள் தலையை ஆட்டினார். ரயில் நின்றது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், இருவரும் இறங்கினோம்.